கழற்றிப் பார்த்த ஆட்டம்

தகடு ஆலையின் கால்பந்து அணிக்குள் மூத்தவர் வந்து சேர்ந்ததே ஒரு குளறுபடியில்தான்.

அதற்கு முந்தைய பருவத்தில் ஆலை அணி கடைசி இடம். பதினெட்டு ஆட்டத்தில் ஐம்பத்தொரு கோல் வாங்கியிருந்தார்கள். பரிதாபப்பட்டோ என்னவோ, அடுத்த பருவம் தொடங்குவதற்குள் வெளியாட்கள் மூன்று பேரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று சங்கம் அனுமதி கொடுத்தது. ஆலையின் ஃபோர்மேன்தான் அணிக்கும் பொறுப்பு. அவர் மைதானம் மைதானமாகச் சுற்றி ஓர் ஆளைப் பார்த்து வைத்திருந்தார். பெயின்ட் அடிக்கிற வேலை, ஆறடிக்கு மேல் உயரம், முன்வரிசை ஆட்டம். அணியின் செயலாளரைக் கூப்பிட்டு, "அந்த வீட்டுல அண்ணன் தம்பி ரெண்டு பேர். பெரியவன்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா," என்றார்.

செயலாளர் ஆலையில் ஸ்டோர் கிளார்க். சட்டைப் பையில் எந்நேரமும் மூன்று பேனா செருகியிருப்பார், அதனால் அவர் பெயரே பேனா. சொன்னதைச் செய்கிற ஆள். சொல்லாததை யோசிக்கிற வழக்கம் அவருக்கு இல்லை. போய்க் கதவைத் தட்டி, "பெரியவர் இருக்காரா?" என்று கேட்டார். கதவைத் திறந்த பெண் உள்ளே திரும்பி, "உங்களைத்தான் தேடி வந்திருக்காங்க," என்றாள்.

வெளியே வந்தவர் அந்த வீட்டின் மூத்த பிள்ளை. முப்பத்தாறு வயது, ஐந்தடி நான்கு அங்குலம். ஃபோர்மேன் சொன்ன பெரியவன் உயரத்தில் பெரியவன். வீட்டில் பெரியவன் என்றால் முதலில் பிறந்தவன். நடுவில் பேனா. படிவத்தில் கையெழுத்து ஏறிவிட்டது, அன்று மாலை அது சங்கத்துக்கும் போய்விட்டது.

மூத்தவருக்குக் கட்டட வேலையில் கிரேன் சிக்னல். சரக்கு மேலே தொங்கும்போது கீழே நின்று கையைக் காட்டி ஓட்டுநரை நடத்துகிற வேலை. பதினாறு வருடமாக அதுதான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களில் ஆள் குறைந்தால் அவரைக் கூப்பிடுவார்கள், ஆள் வந்துவிட்டால் உட்காரச் சொல்வார்கள். வீடு தேடி வந்து ஒருவர் காகிதத்தை நீட்டியது அதுவே முதல் தடவை. இரண்டு முறை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

முதல் நாள் பயிற்சிக்கு அவர் போனபோது ஃபோர்மேன் அவர் தலைக்கு மேலாக வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"தம்பி பின்னாடி வர்றானா?"

"யார் தம்பி?"

"உன் தம்பி."

அந்த இடத்தில் அவருக்கு எல்லாம் விளங்கியது. திரும்பிப் போயிருக்கலாம். ஷூ கயிற்றைக் கட்டி முடித்திருந்ததால் போகவில்லை என்று பிற்பாடு மனைவியிடம் சொன்னார். அது பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும். பெயரை மாற்றச் சங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரமே பெயின்ட் கிடங்கு அணி தம்பியைக் கொத்திக்கொண்டு போனது. ஆலையில் மூத்தவருக்குத் 'தப்பண்ணன்' என்று பெயர் வைத்தார்கள். தப்பாக வந்த அண்ணன்.

மற்ற இரண்டு வெளியாட்களும் சரியாகவே வந்தவர்கள். ஒருவன் லாரி பட்டறையில் வேலை பார்ப்பவன், காலில் பந்து பட்டால் சத்தம் கேட்கும், பீரங்கி என்று கூப்பிட்டார்கள். இன்னொருவன் தச்சன், கோல் காவலன். கதவு செய்கிற தொழில்தான், கோலிலும் கதவு மாதிரி நின்றதால் பெயர் தேடவேண்டி வரவில்லை.

தப்பண்ணனை எங்கே போடுவது என்று தெரியாமல் தற்காப்பு வரிசையின் நடுவில் போட்டார்கள். இரண்டு ஆட்டத்தில் அந்த அணியின் நோய் என்ன என்று அவர் கண்டுபிடித்துவிட்டார். தற்காப்பில் ஆடுகிற எல்லோரும் பிரஸ் ஷாப் ஆட்கள். பத்துப் பதினைந்து வருடம் தகடு அடிக்கிற இயந்திரத்தின் பக்கத்தில் நின்றவர்கள். அத்தனை பேருக்கும் காது மந்தம். ஒருவன் 'ஏறு' என்று கத்தினால் அடுத்தவன் 'என்ன' என்று கேட்பான், அதற்குள் பந்து வலைக்குள் இருக்கும். ஐம்பத்தொரு கோல் அப்படி வந்ததுதான். காது கேட்காது என்று ஒருவனும் ஒத்துக்கொள்ளாததால் யாரும் அதைப் பேசியதில்லை.

மூத்தவரும் பேசவில்லை. கையைக் காட்டினார். கட்டைவிரல் மேலே என்றால் வரிசை முன்னே ஏறவேண்டும். உள்ளங்கை தரையைப் பார்த்தால் பின்னே இறங்கவேண்டும். மூடிய முஷ்டி என்றால் நில். தூக்கு, இறக்கு, நிறுத்து: கிரேனுக்குக் காட்டுகிற அதே மூன்று சைகை. பிரஸ் ஷாப்பில் இயந்திரம் பூட்டுகிறவன் ஒருவன் அவர் பக்கத்தில் ஆடுவான், போல்ட் என்று பெயர், முதல் நாளே பிடித்துக்கொண்டான். இயந்திரச் சத்தத்தில் கையால் பேசியே பழகியவர்களுக்கு இது புதுப் பாடமே இல்லை. அந்தப் பருவத்தில் அணி பதினான்கு கோல்தான் வாங்கியது. தங்கள் பிரிவில் இரண்டாம் இடம் வந்தார்கள். ஆலை வாசலில் பலகை வைத்தார்கள்.

பலகையில் பெயின்ட் காய்வதற்குள் சங்கத்திலிருந்து புது விதி வந்தது. அடுத்த பருவத்துக்கு ஓர் அணியில் ஒரே ஒரு வெளியாள்தான் இருக்கலாம்.

ஆக மூன்று பேரில் இரண்டு பேர் போகவேண்டும். பீரங்கியை எந்த அணியும் எடுத்துக்கொள்ளும். கதவுக்கும் இடம் கிடைக்கும். முப்பத்தேழைத் தொடப்போகிற ஐந்தடி நான்கு அங்குலத்தை யார் எடுப்பார்கள்? இது மூத்தவருக்குத் தெரிந்தது, மற்றவர்களுக்கும் தெரிந்தது. அவர் முகத்தைப் பார்க்காமல் பேசுவதிலிருந்தே தெரிந்தது.

கூட்டத்துக்குக் கிளம்பும்போது மனைவி வாசல் வரை வந்தாள். அவள் தையல் கூடத்தில் மேற்பார்வை பார்ப்பவள், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"வேணும்னா வேணும்னு சொல்லுங்க. 'அவங்க இஷ்டம்'னு பெரிய மனுஷன் மாதிரி சொல்லிட்டு வந்து, ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்து என் தூக்கத்தைக் கெடுக்காதீங்க."

ஆலையின் உணவுக்கூடத்தில் கூடினார்கள். கேள்வி ஒன்றுதான், புதிதாக வந்த மூன்று பேரில் அணிக்கு அதிகம் உதவியது யார். பீரங்கி எழுந்து இருபத்திரண்டு கோல் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தான், அதற்குமேல் சொல்ல அவனுக்குத் தேவையும் இல்லை. வாங்கிய கோல் குறைந்தது தன்னால்தான் என்றான் கதவு. தான் பறந்து பிடித்த பந்துகளைத் தேதிவாரியாகச் சொன்னான். பிரஸ் ஷாப் ஆட்கள் ஆளுக்கொன்று பேசினார்கள். அடுத்தவன் பேசியது காதில் விழாததால் ஒருவர் சொன்னதையே மூன்று பேர் சொன்னார்கள். ஃபோர்மேன் கடைசியில் மூத்தவரைப் பார்த்து, நீ ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டார்.

"எனக்கு இந்த இடம் வேணும்," என்றார் மூத்தவர். "கணக்குக் காட்ட என்கிட்ட ஒண்ணும் இல்லை. ஒரு கோல்கூட அடிக்கலை. ஆனா வேணும்."

ஃபோர்மேன் டீ டம்ளரைத் தள்ளி வைத்தார். முப்பது வருடமாக இயந்திரம் பிரித்துப் பூட்டுகிறவர் அவர். எந்தப் பாகம் வேலை செய்கிறது, எது சும்மா சுற்றுகிறது என்று சண்டை வந்தால் அவருக்குத் தெரிந்த வழி ஒன்றே: ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பது. அதைத்தான் சொன்னார். ஒரு நட்பு ஆட்டம். முப்பது நிமிடமாக மூன்று பாகம். ஒவ்வொரு பாகத்திலும் ஒருவனைக் கழற்றி வெளியே உட்கார வைப்போம். எவன் இல்லாதபோது இயந்திரம் கோளாறாகிறதோ அவன்தான் ஆள்.

எல்லோருக்கும் பிடித்துப்போனது. எதிரணி யார் என்று பேனா கேட்டார். பக்கத்துப் பிரிவில் முதலிடம் வந்த பெயின்ட் கிடங்கு என்றார் ஃபோர்மேன். பருவம் முழுக்க அந்த அணியோடு இவர்கள் ஆடியதில்லை. தம்பியின் அணி.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஆட்டம். நடுவர் ஆலைப் பேருந்தின் ஓட்டுநர். கோட்டுக்கு வெளியே கொடி பிடிக்க இரண்டு அணியிலிருந்தும் ஒவ்வோர் ஆள். தம்பி உடலை முறுக்கிச் சூடேற்றிக்கொண்டே அண்ணன் பக்கம் வந்தான். காலையில் ஒரே தட்டுக்குச் சண்டை போட்டுவிட்டு வந்தவர்கள்.

"அண்ணா, பார்த்து ஆடறேன், பயப்படாதே."

"நீ பார்த்து ஆடினதா சரித்திரமே இல்லையே," என்றார் மூத்தவர்.

முதல் பாகத்தில் கழற்றப்பட்டவன் கதவு. அவனுக்குப் பதிலாக நின்றவன் ஆலையின் காவல்காரன், வயிறு முன்னால் வந்தவன். எல்லோரும் பயந்தது நடக்கவில்லை. முப்பது நிமிடத்தில் காவல்காரன் பந்தைத் தொட்டது இரண்டு தடவை, அதிலும் ஒன்று வெளியே போன பந்து. வரிசை ஏறியது, இறங்கியது, நின்றது. தம்பி உயரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் திரிந்தான். பீரங்கி தூரத்திலிருந்து ஒன்றை அறைந்தான், அது உள்ளே போனது. ஒன்றுக்குப் பூஜ்யம். கதவு கோட்டோரம் உட்கார்ந்து நகத்தைக் கடித்தான்; தான் இல்லாமல் ஓடுகிறதே என்ற கவலை அவனுக்கு.

இரண்டாம் பாகம். கதவு உள்ளே போனான், மூத்தவர் வெளியே வந்தார். ஃபோர்மேன் அவரைப் பெஞ்சில் தன் பக்கத்தில் உட்கார வைத்து, "கையைத் தொடைக்கு அடியில வெச்சுக்கோ," என்றார். வெளியிலிருந்து சைகை காட்டினால் கழற்றியதாகக் கணக்கில்லை. மூத்தவர் இரண்டு உள்ளங்கையையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். பதினாறு வருடத்தில் கண் முன்னால் ஒரு பாரம் ஆடும்போது கை சும்மா இருந்தது அன்றைக்குத்தான்.

உள்ளே போல்ட் நடுவில் நின்றான். கட்டைவிரலைத் தூக்கினான், வரிசை ஏறியது. உள்ளங்கையைக் கவிழ்த்தான், இறங்கியது. அவன் பார்க்காத நேரத்தில் வலப்பக்கத்து ஆள் காட்டினான். எல்லோரும் கற்றுக்கொண்டிருந்தார்கள். பதினைந்து நிமிடம் ஒன்றும் ஆகவில்லை.

பேனாவுக்கு வாய் சும்மா இருக்காது. "எல்லாத்தையும் நல்லாச் சொல்லிக் குடுத்துட்டீங்கண்ணா," என்றார். "இனிமே ஆளே வேண்டியதில்லை போல. அதுவா ஓடுது."

மனதில் கெட்ட எண்ணம் இல்லாமல்தான் சொன்னார். அதனால்தான் அது இன்னும் ஆழமாக இறங்கியது. மூத்தவர் தன் தொடைக்கு அடியில் விரல்கள் மரத்துப்போவதை உணர்ந்தார். தன்னிடம் இருந்தது மூன்று சைகை. மூன்றையும் கொடுத்தாயிற்று. கொடுத்தவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு இருபத்திரண்டு கோலை வைத்துக்கொள்ளலாம். ஃபோர்மேனின் இடத்தில் அவர் இருந்தாலும் அதைத்தான் செய்வார். அணி கோல் வாங்கவேண்டும் என்று ஒரு கணம் ஆசைப்பட்டார். ஆசைப்பட்டதற்கு வெட்கப்படவும் இல்லை.

அப்போதுதான் தம்பி ஓடுவதை நிறுத்தினான்.

நடுவில் நின்று, பந்தை விட்டுவிட்டுப் போல்டின் கையைப் பார்த்தான். பார்த்துவிட்டு லேசாகச் சிரித்தான். நாலு வருடம் முன்பு, வேலை இல்லாமல் இருந்தபோது, தம்பி ஆறு மாதம் அதே கிரேனுக்குக் கீழே வேலை பார்த்தவன். அந்தச் சைகைகளை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவர் மூத்தவரேதான்.

போல்ட் கட்டைவிரலைத் தூக்கினான். வரிசை முன்னே ஏறியது. தம்பி அவசரப்படாமல் தன் அணியின் பக்கத்திலேயே நின்று, சரியாக அந்த வினாடியில் கிளம்பினான். வரிசை அவனைக் கடந்து ஒரு திசையில் போக, அவன் வரிசையைக் கடந்து மறுதிசையில் போனான். பந்து தலைக்கு மேலாக வந்து விழுந்தது. எதிரே கதவு மட்டும். ஒன்றுக்கு ஒன்று. ஆறு நிமிடம் கழித்து அதே மாதிரி இன்னொன்று. இந்தத் தடவை கையைப் பார்த்ததை மறைக்கக்கூட அவன் மெனக்கெடவில்லை. விளம்பரப் பலகையைப் படிக்கிற மாதிரி படித்தான்.

பாகம் முடிந்து விசில் அடித்ததும் ஃபோர்மேன், "என்ன நடந்துச்சு?" என்று கேட்டார்.

"படிச்சுட்டான்," என்றார் மூத்தவர். கையை வெளியே எடுத்து உதறினார்.

மூன்றாம் பாகத்தில் பீரங்கி வெளியே. இரண்டு கோல் வேண்டும், கோல் அடிக்கிற ஆள் இல்லை. மூத்தவர் உள்ளே நடந்தபோது தற்காப்பு ஆட்கள் மூன்று பேரையும் தோளைப் பிடித்து இழுத்துச் சேர்த்தார். தலைகள் முட்டிக்கொள்கிற அளவு நெருங்கி, ஒவ்வொரு காதிலும் தனித்தனியாகச் சொன்னார்.

"இனி தூக்குன்னா இறங்கணும். இறக்குன்னா ஏறணும். புரியுதா?"

போல்ட் யோசித்தான். "அப்ப நில்லுன்னா ஓடணுமா?"

"நில்லுன்னா நில்லுதாண்டா."

சொல்வது சுலபம். கட்டட வேலையில் சைகை மாறினால் கீழே நிற்கிறவன் சாவான். பதினாறு வருடத்தில் ஒரு தடவைகூட அந்தக் கை பொய் சொன்னதில்லை. முதல் பந்து வந்தபோது வரிசையை ஏற்றவேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது, ஏற்றவேண்டும் என்றதும் கட்டைவிரல் தானாக எழப் பார்த்தது. அதைப் பிடித்து மடக்கி, உள்ளங்கையைத் தரையைப் பார்க்கக் கவிழ்த்தார். மூட்டு வலிக்கிற மாதிரி இருந்தது.

கவிழ்ந்த கையைத் தம்பி பார்த்தான். இறங்குகிறார்கள் என்று நினைத்து முன்னே பாய்ந்தான். வரிசை ஒரே அடியில் ஏறியது. தம்பி தன்னந்தனியாக வரிசைக்கு அப்பால் நின்றான். அவனுடைய கிடங்கின் ஆளே கொடியைத் தூக்கவேண்டி வந்தது, வேறு வழியில்லை. ஆஃப்சைடு, வரிசையைத் தாண்டி நிற்கிறவனுக்குப் போடும் பந்து செல்லாது.

இரண்டாவது தடவை. மூன்றாவது தடவை. நான்காவது தடவை தம்பி கையைப் பார்க்காமல் ஓடிப் பார்த்தான், பழக்க தோஷத்தில் கடைசி நொடியில் பார்த்துவிட்டான். விசில். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மைதானத்தின் நடுவிலிருந்து சொன்னான்:

"அண்ணா, கையை ஒழுங்காக் காட்டு."

ஆலை ஆட்கள் கோட்டோரம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். காதில் விழாதவர்கள் என்ன என்று கேட்டு, பக்கத்திலிருந்தவன் சொன்னதும் தாமதமாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மூத்தவர் ஃப்ரீ கிக்கைச் சட்டென்று தட்டிவிட்டார். எதிரணி இன்னும் கொடிக்காரனோடு வாதாடிக்கொண்டிருந்தது. முன்வரிசையின் இடப்பக்கத்து ஆள், பருவம் முழுக்க ஒரு கோலும் அடிக்காத வெல்டர், பந்தைத் தள்ளிக்கொண்டே ஓடி ஓடி, நிறுத்த ஆள் இல்லாததால் கோல் வரை போய்விட்டான். இரண்டுக்கு இரண்டு.

அதன்பிறகு தம்பி பின்வாங்கினான். எந்தச் சைகை உண்மை என்று தெரியாதவன் நடுக்கோட்டைத் தாண்டவே தயங்கினான். அவன் வராததால் மூத்தவர் வரிசையை நடுக்கோடு வரை ஏற்றினார். மைதானம் பாதியாகச் சுருங்கியது, எதிரணிக்கு மூச்சு விட இடமில்லை. கடைசி ஐந்து நிமிடத்தில் கார்னர் கிடைத்தது. பந்து கும்பலில் விழுந்து எங்கெங்கோ பட்டு, போல்டின் முழங்காலில் தட்டி உள்ளே உருண்டது. அழகான கோல் இல்லை. மூன்றுக்கு இரண்டு.

விசில் அடித்ததும் பிரஸ் ஷாப் மொத்தமும் உள்ளே ஓடிவந்தது. மூத்தவரைத் தூக்கினார்கள். அவர் சின்ன உருவம் என்பதால் சுலபமாக, தேவைக்கு மேல் உயரமாகவே தூக்கிவிட்டார்கள். மேலே போனவர் பழக்கத்தில் உள்ளங்கையைக் கவிழ்த்து, இறக்குங்கள் என்று காட்டினார். புதுக் கணக்குப்படி இன்னும் மேலே தூக்கினார்கள்.

உணவுக்கூடத்தில் வாக்கெடுப்பு நடக்கவில்லை. ஃபோர்மேன் நின்றபடியே பேசினார். கதவைக் கழற்றினோம், ஒன்றும் ஆகவில்லை. பீரங்கியைக் கழற்றினோம், இரண்டு கோல் அடித்தோம். இவரைக் கழற்றினோம், இரண்டு வாங்கினோம். "போன வருஷத்துக்கு முந்தின வருஷமும் நாம முப்பது கோல் போட்டவங்கதான். போட்டும் கடைசிலதான் கிடந்தோம். அடிக்கத் தெரியாததா நம்ம வியாதி?"

பேனா எழுந்து, சைகைதான் எல்லோருக்கும் தெரியுமே என்று மறுபடி ஆரம்பித்தார்.

"சைகை தெரியும்," என்றார் ஃபோர்மேன். "எப்ப மாத்தணும்னு அவருக்குத்தான் தெரியும். எழுது."

பேனா எழுதினார். பீரங்கி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தான், ஆனால் கையை நீட்டினான். மூத்தவர் படிவத்தை வாங்கி இந்தத் தடவை படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

ஆலை வாசலில் தம்பி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். இரண்டு பேரும் கொஞ்ச தூரம் நடந்தார்கள். சாயங்கால வெயில் ஆலைச் சுவரில் விழுந்துகொண்டிருந்தது. முனை திரும்பும்போது தம்பி தொண்டையைச் செருமினான்.

"பீரங்கி போறானாமே. உங்க டீமுக்கு ஒரு ஃபார்வேர்டு வேணுமே."

"வேணும்."

"நான் வேணா வர்றேன். ஃபோர்மேன்கிட்ட சொல்லிப் பாரு."

"ஒரு வெளியாளுக்குத்தான் இடம்," என்றார் மூத்தவர். "ஆளை எடுத்தாச்சு."